முதல் எலும்பு எது?

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பெயர் ராசு. கொல்லிமலையில் ஒருவன் பிறந்தாலும், கல்யாணம் கட்டினாலும், பட்டா மாற்றினாலும், செத்தாலும் அதற்கான காகிதம் என் மெசினுக்குள் போய்த்தான் வெளியே வரும். எந்த ஆபீசில் எத்தனை நகல் கேட்பார்கள், எந்த ஆபீசர் எந்த மூலையில் கையெழுத்துப் போடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். 2007 மாசியில் என் சித்தப்பா மகள் பாப்பாத்தியின் புருசன் செல்லமுத்து மரத்திலிருந்து விழுந்தான். என் திமிரும் அன்றோடு அடங்கியது.

செல்லமுத்துவுக்கு வாழவந்தி நாடு என்கிற ஊரில் ஒன்றரை ஏக்கர் காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தான். மிளகு பறிக்க எங்கள் பக்கத்தில் ஒற்றை மூங்கிலைத்தான் ஏணியாக வைப்பார்கள். கணுவுக்குக் கணு கால் வைக்கிற அளவுக்குக் கிளையை விட்டு வெட்டியிருக்கும். அதை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். அன்று காலைப் பனியில் மூங்கில் புரண்டுவிட்டது. முப்பதடி உயரத்திலிருந்து பாறைமேல் உட்கார்ந்தவாக்கில் வந்து விழுந்தான்.

தூக்கிக்கொண்டு மலையிறங்கினோம். கீழே டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அருணாசலம் என்று ஒரு எலும்பு டாக்டர். நல்ல மனிதர். இந்தக் கதையில் நல்லவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர்தான், அதனால் அவரால் ஒன்றும் முடியவில்லை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்களுக்குப் புரியும்படி சொன்னார்.

"இடுப்புப் பக்கம் அஞ்சு எலும்பு இருக்கும்மா. அதுல முதல் எலும்பு நொறுங்கிருச்சு. அதோட சில்லு, முதல் எலும்புக்கும் ரெண்டாவது எலும்புக்கும் நடுவுல பின்னால தள்ளி நரம்ப அழுத்திட்டு இருக்கு. கால் பெருவிரல் இன்னும் அசையுது பாருங்க. அது அசையற வரைக்கும் நரம்புக்கு உசுரு இருக்கு. சில்ல எடுத்துட்டு ரெண்டு பக்கமும் கம்பி வெச்சு முடுக்கணும். ஆறு வாரத்துக்குள்ள பண்ணுனா நடப்பாரு. இன்னிக்கே பண்ணுனா இன்னும் நல்லது."

"அப்ப இன்னிக்கே பண்ணிருங்க சாமி" என்றாள் பாப்பாத்தி.

டாக்டர் பக்கத்திலிருந்த ஓர் இரும்பு அலமாரியைக் காட்டினார். கண்ணாடிக் கதவுக்குள் கம்பிகளும் திருகாணிகளும் பளபளவென்று அடுக்கியிருந்தன. "சாமான் எல்லாம் இங்கதான் இருக்கு. ஆனா இது திட்டத்தோட அலமாரி. மேலிருந்து குறியீடு வந்தாத்தான் பூட்டைத் திறப்பாங்க" என்றார்.

திட்டத்தின் பெயர் நிமிர்ந்த முதுகு நலத் திட்டம். மலை ஜனங்கள் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டால் இலவசமாக அறுத்துத் தைப்பதற்கென்று கொண்டுவந்தது. ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் அதன் விளம்பரம். ஒரு விவசாயி இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சூரியனைப் பார்த்து நிமிர்ந்து நிற்பான்.

அன்று சாயங்காலமே பாப்பாத்தி ஒரு வேலையை ஆரம்பித்தாள். முந்தானை முடிப்பிலிருந்து ஒரு மிளகை எடுத்து அவன் வலது கால் பெருவிரல் நகத்தின்மேல் வைத்தாள். "ஏனுங்க, தள்ளுங்க பாக்கலாம்" என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அசைத்தான். மிளகு உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து முந்தானையின் இன்னொரு முனையில் முடிந்துகொண்டாள். அப்புறம் தினமும் விடிந்ததும் இதே வேலைதான்.

குறியீட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. முதுகு உடைந்தவர்கள் நேரில் வர வேண்டும் என்பது விதி. செல்லமுத்துவை ஒரு பெஞ்சில் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினோம். திருப்பத்துக்குத் திருப்பம் அவன் அலறினான். மேலே போனதும் அங்கிருந்த அதிகாரி, "சத்தம் போடாதீங்க, இங்க எண்ணிட்டு இருக்கோம்" என்றார்.

அவர் பெயர் தனசேகரன். குறியீட்டு அலுவலர். மேசைமேல் தலையணை தடிமனுக்கு ஒரு நீலப் புத்தகம். பெஞ்சில் கிடந்தவன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. டாக்டர் எழுதிய சீட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார்.

"சார், ஆளைக் கொண்டாந்திருக்கோமுங்க" என்றேன்.

"ஆள் எதுக்குங்க? நான் முதுகு பாக்கறவன் இல்ல. காகிதம் பாக்கறவன். எங்க தொழிலுக்கு முதல் பாடம் ஒண்ணு இருக்கு. எழுதாதது நடக்காதது. அவரு விழுந்தாருன்னு நீங்க சொல்றீங்க. அது எனக்குக் கேக்கக்கூடாது. எழுதியிருந்தாத்தான் விழுந்தாரு."

பிறகு பொறுமையாகத்தான் விளக்கினார், குறை சொல்லக்கூடாது. ஒரு முதுகு அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து இலக்கம். முதல் இலக்கம், கழுத்தா, நெஞ்சா, இடுப்பா. இரண்டாவது, முன்பக்கம் திறக்கிறார்களா பின்பக்கமா. மூன்றாவது, எந்த எலும்பு. நான்காவது, என்ன வேலை. ஐந்தாவது, எதனால் இந்த நிலைமை வந்தது. ஐந்தும் சரியாக விழுந்தால் அலமாரி திறக்கும்.

"ரொம்ப சுலுவு" என்றார்.

நான்காவது இலக்கத்திலேயே முட்டிக்கொண்டது. டாக்டர் சில்லை எடுப்பது, கம்பி வைப்பது என்று இரண்டு வேலை எழுதியிருந்தார். கட்டம் ஒன்றுதான் இருந்தது. ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம்தான் போடலாம். ஆகவே இரண்டு வேலை என்றால் இரண்டு அறுவைச் சிகிச்சை, இரண்டு தேதி, இரண்டு குறியீடு என்று தனசேகரன் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை டாக்டரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு அவரே மாடியேறி வந்தார்.

"ஏங்க, முதுகைத் திறந்து சில்ல எடுத்துட்டு, மூடித் தச்சுட்டு, மறுநாள் தையலைப் பிரிச்சுக் கம்பி வெக்கணுமா?"

"எப்ப மூடறது எப்பத் திறக்கறதுங்கறது உங்க தொழில்நுட்பம் டாக்டர். அதுல நாங்க தலையிடறதில்ல."

டாக்டர் ஒரு வாரம் எழுதிப் போராடினார். கடைசியில் இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு ஒரே இலக்கம் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் இருப்பதாக அங்கே வேலை பார்த்த வித்யாஸ்ரீ என்ற பெண் பயந்து பயந்து சொன்னது. பிற்சேர்க்கையைப் படித்த குற்றத்துக்காக அந்தப் பெண்ணைத் தபால் ஒட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள்.

இதற்குள் எட்டு நாள். குறியீடு இல்லாத நோயாளிக்குப் படுக்கை எண் போட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தனியாரிடம் போக எங்களுக்கு வக்கில்லை. உடைந்த முதுகோடு செல்லமுத்துவை ஒரு மினி லாரியில் மெத்தை போட்டு மலையேற்றினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வலி அவனைப் பிடுங்கியது. கத்தாமல் இருப்பதற்காக எண்ணிக்கொண்டே வந்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." எழுபது வந்தபோது அவன் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

மறுநாள் காலையிலும் மிளகு விழுந்தது.

ஐந்தாவது இலக்கத்துக்கு வந்தோம். எதனால் விழுந்தார்? புத்தகத்தில் லாரி இருந்தது, டூவீலர் இருந்தது, மாடு இருந்தது, தென்னை மரம், பனை மரம், கட்டடச் சாரம் எல்லாம் இருந்தன. சில்வர் ஓக் இல்லை. "இதர மரங்கள்" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மரச் சான்று வேண்டுமாம். கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினேன். அவர் நேர்மையான மனிதர், கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டார்: மேற்படி நபர் மரத்தில் ஏறவில்லை, மரத்தில் சாய்த்திருந்த மூங்கிலில் ஏறியிருந்தார்.

தனசேகரன் அதைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் காலேஜில் தாவரவியல் படித்தவராம்.

"மூங்கில் மரம் இல்லீங்க. அறிவியல்படி புல் வகை. அப்ப இவரு புல்லுல இருந்து விழுந்திருக்காரு. புல்லுன்னா சமதளத்துல தடுக்கி விழறது. சமதளத்துல விழுந்தா முதுகெலும்பு உடையாதுன்னு புத்தகத்துலயே இருக்கு. அதனால இந்த எலும்பு உடஞ்சிருக்க வாய்ப்பில்ல."

"சார், எக்ஸ்ரே இருக்குதுங்களே" என்றேன்.

"எக்ஸ்ரே எலும்பு உடஞ்சத சொல்லும். ஏன் உடஞ்சதுன்னு சொல்லுமா?"

பாப்பாத்திக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க சார், முப்பதடிப் புல்ல நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? ஒருக்கா மேல வாங்க. அதே புல்லுல உங்கள ஏத்தி உடறேன். சமதளமா இல்லியான்னு விழுந்து பாத்துட்டு எழுதுங்க."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். புல்லை ஏணி என்று மாற்றி இன்னொரு சான்று வாங்கிவர பதினோரு நாள் ஆயிற்று. ஏணி புத்தகத்தில் இருந்தது. ஆனால் ஏணிக்கு இரண்டு கால் இருக்க வேண்டும், இதற்கு ஒன்றுதான். அதைச் சான்றில் எழுத வேண்டாம் என்று கிராம நிர்வாக அலுவலரின் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். என் கடையில் மட்டும் மரச் சான்று, மூங்கில் சான்று, ஏணிச் சான்று என்று நூற்றுப் பத்து நகல் எடுத்திருப்பேன். மெசின் சூடு தாங்காமல் இரண்டு தடவை நின்றது.

நாலாவது வாரம் ஒரு கடிதம். பயனாளியோ அவரது குடும்பத்தாரோ முதுகெலும்புக் குறியீட்டு அடிப்படைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், பெற்ற பின்பே குறியீடு இறுதியாகும். சிகிச்சையில் மக்கள் பங்கேற்பாம். பாப்பாத்தி போனாள், நான் துணைக்குப் போனேன். அறையில் எங்களைப் போலவே ஏழெட்டுக் குடும்பம். கரும்பலகையில் தனசேகரன் முதுகெலும்பு வரைந்திருந்தார்.

"குறியீட்டில எலும்பையும் எண்ணணும், சந்துகளையும் எண்ணணும். ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கறது ஒரு சந்து. இப்பச் சொல்லுங்க, இடுப்புல அஞ்சு எலும்பு. எத்தன சந்து?"

பாப்பாத்தி யோசிக்கவே இல்லை. "நாலுங்க. வரிசையா அஞ்சு மரம் நட்டா நடுவுல நாலு சந்துதானுங்க வரும்."

"தப்பு. அடியில இருக்கற எலும்புக்குக் கீழயும் ஒரு சந்து இருக்கு."

"அதுக்குக் கீழ எலும்பு இருக்குதுங்களா?"

"இருக்கு. ஆனா அது அடுத்த அத்தியாயம்."

அட கொடுமையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாப்பாத்தி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் அந்த இரண்டு நாளும் வாய்க்குள் முணுமுணுத்தபடியே செல்லமுத்துவுக்கு விழ வேண்டிய ஐந்து இலக்கத்தையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள். மூன்று, இரண்டு, ஒன்று, ஆறு, நான்கு. பஸ்ஸில் வரும்போதும், அடுப்பு மூட்டும்போதும், மிளகு வைக்கும்போதும் அதையே சொன்னாள். சாமிக்கு வேண்டிக்கொள்ளும்போதும் அதையேதான் சொன்னாள்.

பயிற்சியின் முடிவில் ஆளுக்கொரு படம் கொடுத்தார்கள். எலும்புக்கூட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. உங்கள் நோயாளிக்கு எந்த எலும்போ அதில் பெருக்கல் குறி போட்டு ரேகை வையுங்கள் என்றார்கள். உதவிக்கு யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முதல் எலும்பு. இடுப்பில் ஐந்து எலும்பைத் தேடினாள், எல்லாவற்றிலும் அடியில் இருந்த எலும்பில் பெருக்கல் குறி போட்டாள், கட்டைவிரலை உருட்டினாள், எழுந்து வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். பாஸாகிவிட்ட சந்தோசம்.

அவளைச் சொல்லி என்ன செய்வது? எங்கள் மலையில் எதையும் கீழிருந்துதான் எண்ணுவோம். காரவள்ளி அடிவாரத்தில் முதல் வளைவு, மேலே வந்தால் எழுபதாவது. மூங்கிலில் கால் வைக்கிற முதல் கணு தரைக்குப் பக்கத்தில் இருப்பதுதான். ஏறுகிற சனம் ஏறுகிற பக்கத்திலிருந்துதானே எண்ணும்? உச்சியில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்து எண்ணுகிறவர்கள் புத்தகம் எழுதுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டாக்டரின் சீட்டில் மேலிருந்து முதல் எலும்பு. பயனாளியின் படத்தில் கீழிருந்து முதல் எலும்பு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. குறியீடு நிறுத்தி வைக்கப்பட்டது.

விசயம் தெரிந்ததும் அவள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். "சார், என் தப்புங்க. நானு கீழ இருந்து எண்ணிப்போட்டேனுங்க. டாக்டரு சொன்னதுதான் சரிங்க. அந்தப் படத்தக் குடுங்க, அழிச்சு மேல போட்டுத் தாரேன்" என்று கெஞ்சினாள்.

"ரேகை வெச்ச படத்த அழிச்சா போர்ஜரிம்மா" என்றார் தனசேகரன். "உங்க மேலயே கேஸ் ஆயிரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்படிப்பட்ட முரண்பாடுகளைத் தீர்க்க எலும்பு ஒப்புரவுக் குழு என்று ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கூடும். இரண்டு வியாழக்கிழமை தள்ளி எங்களுக்கு வாய்த்தது. குழுவின் தலைவர் இணை இயக்குநர் ஜீவானந்தம். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேனா, மேடையில் பேசுகிற குரல். எதிரில் ஆறு பேர் இருந்தாலும் அறுநூறு பேர் இருப்பதாகத்தான் பேசுவார்.

"நண்பர்களே! இந்தத் திட்டம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, தவறான ஓர் அறுவைச் சிகிச்சைகூட நம் பிரிவின் வழியாக நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சரியான அறுவைச் சிகிச்சை எத்தனை நடந்தது என்று டாக்டர் அருணாசலம் கேட்டார். அது வேறு பிரிவின் புள்ளிவிவரம் என்று பதில் வந்தது.

"மருத்துவர் ஒரு எலும்பைச் சொல்கிறார். மக்கள் ஒரு எலும்பைச் சொல்கிறார்கள். மருத்துவர் சொல்வதை மட்டும் ஏற்றால் நாம் படித்தவர் பக்கம் சாய்ந்தவர் ஆவோம். மக்கள் சொல்வதை மட்டும் ஏற்றால் அறிவியலைக் கைவிட்டவர் ஆவோம். இந்தப் பிரிவு யார் பக்கமும் சாயாது. நடுநிலையே நம் உயிர்!"

அதனால் மேலிருந்து முதல் எலும்புக்கும் கீழிருந்து முதல் எலும்புக்கும் சரியாக நடுவில் இருக்கும் மூன்றாம் எலும்பில் அறுவைச் சிகிச்சை செய்யக் குழு ஒருமனதாக ஒப்புதல் அளித்தது.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மூணாவது எலும்பு நல்லா இருக்குங்க! நல்ல எலும்ப நான் எதுக்கு வெட்டணும்?"

"நல்ல எலும்பில் செய்தால் ஆபத்து குறைவுதானே டாக்டர்?" என்றார் ஜீவானந்தம். அவர் நிஜமாகவே கேட்டார். கிண்டலாக இருந்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பாப்பாத்தி மேசைக்குப் பக்கத்தில் போனாள். முந்தானை முடிப்பை அவிழ்த்து மிளகை அவர் காகிதங்கள்மேல் கொட்டினாள். "இதுல முப்பத்தெட்டு இருக்குதுங்க சாமி. முப்பத்தெட்டு நாளு விரல அசச்சுத் தள்ளுனது. இன்னிக்கும் அசஞ்சுது, ஆனா ரொம்ப நேரம் ஆச்சுங்க. இன்னும் எத்தன நாளைக்குன்னு தெரியல. என் தப்புக்கு என்ன வேணாப் பண்ணுங்க, ஜெயில்ல போடுங்க. அந்த மனுசன் கால உட்ருங்க."

ஜீவானந்தம் தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் புத்தகத்தைப் புரட்டினார்.

"விரல் அசையறதப் பத்தி டாக்டர் வாராவாரம் எழுதல சார். நோயாளி வீட்டுல இருக்காரு. எழுதாததால அசஞ்சதா எடுத்துக்க முடியாது. மிளகு ஆவணமும் இல்ல."

பியூன் வந்து மிளகைக் கூட்டி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டான். நல்ல மலை மிளகு.

மூன்றாம் எலும்பை டாக்டர் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அதனால் அவர்மேல் ஒத்துழையாமை என்று ஒரு கோப்பு திறந்தார்கள். அவருக்கு மட்டும் குறியீடு ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

ஐந்து நாள் கழித்துக் காலையில் பாப்பாத்தி மிளகு வைத்தாள். "தள்ளுங்க" என்றாள். செல்லமுத்து தள்ளினான். நெற்றியில் நரம்பு புடைத்தது. மிளகு அசையவில்லை. நகத்தின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. "இன்னொருக்கா" என்றாள். தள்ளினான். அவள் காலை ஒரு ஆட்டு ஆட்டினால் விழுந்துவிடும், ஆனால் அவள் தொடவில்லை. மத்தியானம் நான் போனபோதும் மிளகு அங்கேயே இருந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். யார் சட்டையைப் பிடிப்பது என்றுகூடத் தெரியாத கோபம் எனக்கு.

அதற்குப் பதினாறு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. சரியான ஒப்புதல். மூன்று, இரண்டு, ஒன்று, ஆறு, நான்கு. ஐந்து இலக்கமும் டாக்டர் எழுதியபடியே இருந்தன. தபால் மேசையிலிருந்த வித்யாஸ்ரீதான் யாருக்கும் தெரியாமல் பழைய சீட்டை ஒட்டி அனுப்பி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கொரு சந்தேகம். செல்லமுத்துவை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுபோனோம். டாக்டர் அவன் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். அப்புறம் பாப்பாத்தியின் முகத்தைப் பார்க்காமல், "இனிப் பண்ணிப் பிரயோசனம் இல்லம்மா" என்றார்.

அலமாரி திறந்திருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் மற்ற கதைகளைப் போல இதுவும் போயிருக்கும். ஆனால் அந்தக் குறியீடு திட்டத்தின் நூறாவது குறியீடாம். நூறாவது முதுகு விழா எடுப்பதென்று ஏற்கனவே பந்தல் சொல்லியாகிவிட்டது. தனசேகரன் என் கடைக்கே போன் பண்ணினார்.

"பயனாளியக் கூட்டிட்டு வந்துருங்க. பொன்னாடை போத்தறோம்."

"சார், ஆபரேசனே நடக்கலீங்களே!"

"குறியீடு வந்திருச்சில்ல? எழுதாததுதான் நடக்காதது. இது எழுதியாச்சு. வரலைன்னா ஒப்புதல் ரத்தாயிரும், அப்புறம் ஊனமுற்றோர் உதவிக்குக்கூட மனுப் போட முடியாது."

கடைசி வரிக்காகத்தான் போனோம். மறுபடி மினி லாரி, மெத்தை. மேடையில் செல்லமுத்துவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தோம். பின்னால் அந்த விளம்பரப் படம், இடுப்பில் கையூன்றி நிற்கிற விவசாயி. ஜீவானந்தம் பேசினார்.

"நூறு முதுகுகளை நிமிர்த்தியிருக்கிறோம்! நோயாளிகள் வருவார்கள், போவார்கள். ஆனால் குறியீடு நிலைத்து நிற்கும். நூறில் ஒன்றில்கூட இலக்கப் பிழை இல்லை. கொல்லிமலையின் ஏழை விவசாயி இதோ நம் முன் நிமிர்ந்து..." என்று கையை நீட்டியவர், செல்லமுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார். "எழுந்து நிற்கச் சொல்லுங்கள். போட்டோ எடுக்க வேண்டும்."

"அவரால நிக்க முடியாதுங்க" என்றாள் பாப்பாத்தி கீழேயிருந்து.

"ஒரு நிமிடம்தானே அம்மா."

நானும் ஒரு வார்டு ஆளும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். கால்கள் தொளதொளவென்று தொங்கின. அவன் என் காதில், "மச்சான், உட்றாத" என்றான். ஜீவானந்தம் பொன்னாடையைப் போர்த்திவிட்டு ஓர் அடி தள்ளி நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். போட்டோக்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"பிடிச்சிருக்கிறவங்க படத்துல விழறாங்க சார். திட்டமே நிமிர்ந்த முதுகு. ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சிருந்தா நல்லா இருக்குமா?"

"ஒரே ஒரு நொடி, கையை எடுத்துக்குங்க" என்றார் தனசேகரன்.

"முடியாதுங்க சார்!" என்றேன். வார்டு ஆள் சம்பளக்காரன், உடனே கையை எடுத்துவிட்டான். பாரம் முழுவதும் என் பக்கம் சாய்ந்தது, தனசேகரன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், என் பிடி நழுவியது. பளிச்சென்று ஒரு வெளிச்சம். பாப்பாத்தி "புடிங்க!" என்று அலறினாள். செல்லமுத்து முன்பக்கமாக, பொன்னாடையோடு, மரப்பலகையில் முகம் அடிபட விழுந்தான்.

உதட்டில் ரத்தம். நான் குனிந்தேன். மேடையில் எல்லோரும் தனசேகரனைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஐந்தாவது இலக்கத்தின் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"விழா மேடையில விழறதுக்குக் குறியீடு இல்லீங்க சார்."

"அப்படியானால் விழவில்லை" என்றார் ஜீவானந்தம். "தேசிய கீதம் போடுங்கள்."

போட்டார்கள். பந்தலில் அத்தனை பேரும் எழுந்து விறைத்து நின்றார்கள். நானும் நின்றேன், பழக்கம் அப்படி. அந்த ஐம்பத்திரண்டு நொடியும் செல்லமுத்து பலகையில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். பாப்பாத்தி ஒருத்திதான் நிற்காமல் மேடையில் ஏறிவந்து அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நின்றதற்காக இன்றுவரை என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

திரும்பி மலையேறும்போது எழுபது வளைவிலும் அவன் எண்ணவில்லை. இடுப்புக்குக் கீழே வலி என்று ஒன்று இருந்தால்தானே எண்ணுவதற்கு?

மூன்று சக்கர வண்டிக்கும் உதவித்தொகைக்கும் மனுப் போட்டோம். நாலு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. மனுதாரர் நிற்க இயலாதவர் என்பதற்கு ஆதாரமில்லை, நிற்கக்கூடியவர் என்பதற்கு ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது, மனு நிராகரிக்கப்படுகிறது. இணைப்பில் அந்த போட்டோ. எங்கள் கை விலகியதற்கும் அவன் விழுந்ததற்கும் நடுவில் இருந்த அந்த அரை நொடியைப் போட்டோக்காரர் பிடித்துவிட்டார். செல்லமுத்து யார் உதவியும் இல்லாமல், முதுகு நேராக, தோளில் பொன்னாடையோடு தனியாக நின்றுகொண்டிருந்தான். திட்டத்தின் அடுத்த வருடக் காலண்டரிலும் அதே படம்தான் வந்தது.

மேல்முறையீட்டுக்கு மூன்று நகல் கேட்டிருந்தார்கள். என் மெசினில்தான் எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் அவன் நின்றுகொண்டே வெளியே வந்தான்.

நகல்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாப்பாத்தி அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாயில் கிடந்தவன் கையை நீட்டி ஒரு தாளை வாங்கினான். வெகுநேரம் பார்த்தான்.

"பரவால்ல மச்சான்" என்றான். "நல்லாத்தான் நின்னிருக்கேன்."